ஆறாவது இதயம்

நெஞ்சில் அடிபடக் கூடாது என்று அந்த இரண்டு பேரிடமும் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தது. தலையில் அடிக்கலாம். கை கால் எப்படிப் போனாலும் கவலையில்லை. கழுத்தடியில், இடது காறையெலும்புக்குக் கீழே மட்டும் ஒரு கீறல்கூட விழக் கூடாது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, தென்தேரிப் பல்கலைக்கழகத்தின் மண்ணியல் பேராசிரியர் ஜெபக்கனி தன் ஸ்கூட்டரில் நிர்வாகக் கட்டடத்தை நோக்கி வந்துகொண்டிருந்தார். ஆசிரியர் குடியிருப்பைத் தாண்டி, உடைமரங்களுக்கு நடுவே சாலை வளையும் இடத்தில் ஒரு லோடு ஆட்டோ குறுக்கே நின்றது. இரும்புக் குழாயின் முதல் அடியில் ஹெல்மெட் பிளந்தது. இரண்டாவதில் கழன்று விழுந்தது. அதன்பிறகு விழுந்த மூன்று அடிகளுக்குத் தடுப்பு எதுவும் இல்லை. செம்மணலில் கிடந்தவரின் வலது மணிக்கட்டை ஒருவன் செங்கல்மேல் தூக்கி வைத்தான், மற்றவன் அதை மிதித்து உடைத்தான். பிறகு கழுத்தில் இரண்டு விரல் வைத்துப் பார்த்துவிட்டு யாருக்கோ போன் செய்து, ஓடுது என்று ஒரே வார்த்தை சொன்னான்.

நெஞ்சை ஏன் விட்டார்கள், வலது மணிக்கட்டை ஏன் உடைத்தார்கள் என்பது புரிய, ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தை உண்மையில் ஆள்வது யார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

துணைவேந்தர்தான் ஆள்கிறார் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் வண்டியை ஓட்டுகிறவர், அவ்வளவுதான். ஆளை நியமிப்பது, நீக்குவது, நிலம் வாங்குவது, விற்பது ஆகிய அதிகாரமெல்லாம் சிண்டிகேட் என்று எல்லோரும் சொல்லும் ஆட்சிக்குழுவிடம் இருக்கிறது. தென்தேரியில் அதற்குப் பதினொரு பேர். மூன்று பேர் பதவியாலேயே வருகிறவர்கள்: துணைவேந்தரும் அரசின் இரண்டு துறைச் செயலர்களும். இரண்டு பேரை அரசு நியமிக்கிறது. ஐந்து பேர் தேர்தலில் வருகிறார்கள்: ஆசிரியர்களிலிருந்து மூவர், பட்டதாரிகளிலிருந்து இருவர். மீதி ஒருவர் இணைவுக் கல்லூரி முதல்வர்களில் மூப்பு வரிசைப்படி ஆண்டுக்கு ஒருவராக வருகிறவர். அவரை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, யாரும் அனுப்புவதும் இல்லை, அதனால் அவர் யாருக்கும் கடமைப்பட்டவர் இல்லை.

கூட்டிப் பார்த்தால் இந்த அமைப்பின் அழகு தெரியும். அரசுப் பக்கம் ஐந்து. தேர்தல் பக்கம் ஐந்து. நடுவில் ஒன்று. கூட்டம் நடக்க ஆறு பேர் வேண்டும். நிலத்தைக் கைமாற்றவும் ஆறு பேர் சம்மதம் வேண்டும். எந்தப் பக்கமும் இன்னொரு பக்கத்தில் ஒருவரையாவது பேசி இணங்க வைக்காமல் ஆறைத் தொட முடியாது. பேசித்தான் ஆக வேண்டும் என்பதற்காகவே யாரோ உட்கார்ந்து யோசித்துப் போட்ட கணக்கு அது.

எட்டு வருடத்துக்கு முன்பு ஓர் அசிங்கம் நடந்தது. அவசரத் தீர்மானங்களை வீடு வீடாக அனுப்பிக் கையெழுத்து வாங்கும் வழக்கம் இருந்தது. அப்படி வாங்கிய இரண்டு தீர்மானங்களில், செத்து மூன்று மாதமான ஓர் உறுப்பினரின் கையெழுத்து இருந்தது. நீதிமன்றம் காறித் துப்பாத குறை. அதற்குப் பிறகுதான் சாவி வந்தது.

சாவி ஒரு புளியங்கொட்டை அளவுதான். பதவியேற்கும் அன்று இடது காறையெலும்புக்குக் கீழே தோலுக்குள் வைத்துத் தைப்பார்கள். அது உறுப்பினரின் இதயத் துடிப்பில் ஓடும். கூட்ட அறைக்குள் துடிப்பு கேட்டால் உறுப்பினர் வந்திருக்கிறார் என்று அர்த்தம். தீர்மானம் படித்ததும், தலைமை வகிப்பவரின் இதயம் முப்பது முறை துடிக்கும்வரை நேரம். எதிர்ப்பவர் அதற்குள் தன் சாவியை இரண்டு முறை அழுத்த வேண்டும். திரையில் பெயருக்கு எதிரே மறுப்பு என்று சிவப்பாக வரும். அழுத்தாமல் இருந்தால் சம்மதம். அறையில் கேமரா கிடையாது, ஒலிப்பதிவு கிடையாது. சாவி இருக்கும்போது அதெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

விதிகளை எழுதிய குழுவில் ஓர் இளம் பொறியாளர் இருந்தார். உறுப்பினர் தூங்கிக்கொண்டிருந்தால் வந்ததாகக் கொள்வதா என்று அவர் கேட்டார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விழித்திருப்பவர்களை மட்டும் எண்ணினால் தென்தேரியில் ஒரு கூட்டமும் நடக்காது என்று பழைய துணைவேந்தர் சொன்னார். அதனால் ஒரு வரி சேர்த்தார்கள்: உறுப்பினரின் விழிப்புநிலை கருத்தில் கொள்ளப்படாது.

அந்த வரியைத் தட்டச்சு செய்தவர் தவமணி. அப்போது பிரிவு அலுவலர். இப்போது பதிவாளர், அதனால் சிண்டிகேட்டின் செயலாளரும் அவர்தான். செயலாளருக்குச் சாவி கிடையாது, ஓட்டு கிடையாது. நடந்ததை எழுதுவது மட்டுமே வேலை. முப்பது வருட வேலையில் நடக்காத ஒன்றை அவர் எழுதியதில்லை என்று மற்றவர்கள் சொல்வார்கள். ஜெபக்கனியும் அவரும் ஒரே வருடம் வேலைக்கு வந்த பெண்கள். ஒருவரையொருவர் ஜெபா, தவம் என்று கூப்பிடுகிறவர்கள்.

புதன்கிழமை தவமணியின் அறைக்குக் கோமதிநாயகம் வந்தார். அரசு நியமித்த இருவரில் ஒருவர், கல் குவாரிக்காரர். பல்கலைக்கழகத்தின் தொள்ளாயிரம் ஏக்கர் செம்மணல் தேரிநிலத்தைக் கனிமம் எடுக்கும் ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்கும் தீர்மானம் மூன்று வருடமாக ஐந்துக்கு ஆறு என்று தோற்றுக்கொண்டிருந்தது. அந்த ஆறு பேரில் உரத்த குரல், ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்த ஜெபக்கனியுடையது. தேரி மணல் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு மெல்லக் கீழே விடுவதால்தான் எட்டு ஊர்க் கிணறுகளில் தண்ணீர் ஊறுகிறது, மணலை அள்ளினால் எட்டு ஊரும் காயும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் வரைபடத்தோடு சொல்வார்.

கோமதிநாயகம் மரியாதையாகத்தான் பேசினார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குப் பேராசிரியரைக் கூட்டி வருவதாகச் சொன்னார். அவருக்கு நினைவே இல்லையே, பல்கலைக்கழக மருத்துவமனையில் மூச்சுக் கருவியில் கிடக்கிறாரே என்றார் தவமணி. அதற்கு அவர் விதிப் புத்தகத்தைத் திறந்து அந்த வரியில் விரலை வைத்தார்.

“நீங்க எழுதுன வரிதானம்மா. முழிச்சிருக்கணும்னு அவசியமில்லன்னு போட்டிருக்கு.”

ஏன் ஜெபக்கனி என்று தவமணி கேட்கவில்லை, பதில் தெரியும். மற்ற ஐந்து பேர் வீட்டிலும் ஆட்கள் இருந்தார்கள். ஜெபக்கனி குடியிருப்பில் தனியாக இருந்தார்.

போகும்போது கோமதிநாயகம் கதவருகே நின்று, கூட்டம் முடிந்ததும் ஜெபக்கனி அம்மாவுக்கு இனி கஷ்டம் இருக்காது என்றார். மூச்சுக் கருவியைப் பார்த்துக்கொள்ளும் மருத்துவர் தன்னிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறார் என்றும் சொன்னார். தவமணிக்குப் புரிந்தது. ஜெபாவின் உயிர் தீர்மானம் நிறைவேறும்வரைதான் என்று அவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கட்டிலைக் கூட்ட அறைக்குள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மொட்டையடித்த தலை, வீங்கி ஒன்றான கண்கள், வாயில் குழாய். மூச்சுக் கருவிக்கு மின் இணைப்பு செயலாளர் மேசைக்குப் பக்கத்தில்தான் இருந்ததால் கட்டிலை அங்கே நிறுத்தினார்கள். திரையில் பதினோராவது பெயருக்கு எதிரே பச்சைக் கோடு துள்ளத் தொடங்கியது.

பட்டதாரிகளின் பிரதிநிதி ஒருவர் எழுந்து, இது பிணத்தை ஓட்டுப் போட வைப்பது என்று கத்தினார். கட்டிலைத் தள்ளி வந்த கோமதிநாயகத்தின் ஆள் அவர் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். மூக்கு உடைந்து கோப்புகள்மேல் ரத்தம் கொட்டியது. இணைவுக் கல்லூரி முதல்வர், எழுபதை நெருங்கியவர், நாற்காலியோடு கவிழ்ந்தார். துணைவேந்தர் நன்மாறன் மைக்கைத் தட்டி அமைதி, அமைதி என்றார். பேராசிரியர் வந்திருப்பதாக எடுத்துக்கொள்வதா என்று செயலாளரைக் கேட்டார். தவமணி விதியை வாசித்தார். வேறு விதி இல்லை.

அப்போது எதிர்த்தரப்பின் ஐந்து பேரும், நம் ஊரில் அவையென்று ஒன்று இருந்தால் எதிர்த்தரப்பு கடைசியில் எதைச் செய்யுமோ அதைச் செய்தார்கள். கோஷம் போட்டுக்கொண்டு வெளிநடப்பு செய்தார்கள். ஐந்து பேர் போனால் மீதி ஐந்து, ஐந்து பேரை வைத்துக் கூட்டம் நடத்த முடியாது என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. வெளியே நின்ற நிருபர்களிடம் கூட்டத்தை முடக்கிவிட்டதாகவே சொன்னார்கள். எழுந்து போக முடியாத ஓர் இதயத்தை அவர்கள் எண்ணவில்லை.

உள்ளே ஆறு பச்சைக் கோடுகள் துள்ளிக்கொண்டிருந்தன. நன்மாறன் தீர்மானத்தைப் படித்தார். திரையில் எண் ஒன்றிலிருந்து ஏறத் தொடங்கியது.

தவமணி பேனாவை வைத்தார். கட்டில் பக்கம் குனிந்து நழுவிய போர்வையைச் சரிசெய்தார். போர்வையின் விளிம்பு ஜெபக்கனியின் காறையெலும்புவரை வந்தது. அதன் அடியில், புளியங்கொட்டை மாதிரி ஒரு மேடு விரலுக்குத் தட்டுப்பட்டது. இரண்டு முறை அழுத்தினார். யாருடைய விரல் என்று சாவி கேட்காது. அதைக் கேட்கும்படி யாரும் அதைச் செய்யவில்லை. அழுத்த ஒரு கை வேண்டும் என்பது மட்டும் வலது மணிக்கட்டை உடைத்தவர்களுக்குத் தெரியும், அதனால்தான் உடைத்தார்கள். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிற கையை அவர்கள் ஒரு கையாகவே நினைக்கவில்லை.

பதினோராவது பெயர் சிவப்பானது.

கோமதிநாயகம் மேசையைச் சுற்றி வர இரண்டு எட்டுதான் எடுத்தார். தவமணியின் வலது கை இன்னும் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் இருந்தது. நோயாளி விழாமலிருக்கத் தூக்கி வைத்திருந்த பக்கவாட்டுக் கம்பியைக் கோமதிநாயகம் முழு பலத்தோடு அதன்மேல் இறக்கினார். பிறகு மறுபடி. மூன்றாவது முறை நடுவிரலும் மோதிர விரலும் நசுங்கி எலும்பு வெளியே தெரிந்தது. தவமணி தரையில் உட்கார்ந்து, எங்கே கையை வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். புடவை நனைந்தது.

“இவதான் அமுக்குனா. நீங்க எல்லாரும் பாத்தீங்கல்ல. இது செல்லாதுன்னு எழுதுங்க” என்று கோமதிநாயகம் கத்தினார்.

பல்லைக் கடித்துக்கொண்டு தவமணி பேசினார். பேச்சு விதியைப் படிப்பது போலத்தான் இருந்தது.

“எழுதுதேன் சார். பேராசிரியர் அமுக்கல, அவங்களால அமுக்க முடியாதுன்னு எழுதுதேன். முடியாதவங்க வந்ததா எப்படி எழுத? அப்போ அஞ்சு பேர்தான். கூட்டமே நடக்கலன்னு ஆயிரும். எதை எழுதட்டும்?”

இரண்டு துறைச் செயலர்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நன்மாறன் சட்டம் படித்தவர்; முதலில் புரிந்தது அவருக்குத்தான். மறுப்பு ஜெபக்கனியுடையது இல்லை என்றால் வருகையும் ஜெபக்கனியுடையது இல்லை. கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்த கதை நீதிமன்றத்துக்குப் போகும். போதும் என்று அவர் கோமதிநாயகத்திடம் சொன்னார். தவமணி இடது கையால், குழந்தை எழுத்தில் எழுதினார்: பேராசிரியர் ஜெபக்கனி மறுப்பைப் பதிவு செய்தார். தீர்மானம் தோல்வியுற்றது.

அதற்குள் செய்தி விடுதிகளுக்குப் போயிருந்தது. நானூறு மாணவர்கள் கதவை உடைத்துக்கொண்டு வந்தார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. படிக்கட்டில் பல் சிதறியது, ஒரு பையனுக்குக் கண் போனது. ஆனால் கட்டிலும் கருவியும் அவர்கள் தோளில் ஏறி வெளியே வந்து, திருநெல்வேலி அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தன. அடித்த இரண்டு பேரும் பிடிபட்டார்கள். கோமதிநாயகம் முன்ஜாமீன் வாங்கிக்கொண்டு உறுப்பினராகவே இருந்தார். நியமனத்தைத் திரும்பப் பெற அரசுக்கு அவசரம் இல்லை.

நாற்பத்தோராம் நாள் ஜெபக்கனி கண் திறந்தார். தொண்டையில் துளையிட்டிருந்ததால் பேச்சு வராது. இடது கையின் விரல்கள் லேசாக அசைந்தன. அடிக்கடி போய்ப் பார்த்தது தவமணிதான். ஓர் அட்டையில் எழுத்துகளை எழுதிக்கொண்டு போனார். முதலில் மெய் வரிசையைத் தொட்டுக்கொண்டே வருவார்; சரியான இடத்தில் ஜெபக்கனி கண் சிமிட்டுவார். பிறகு உயிர் வரிசை. ஒரு சொல்லுக்கு இரண்டு நிமிடம் ஆகும்.

முதல் நாள் தவமணி நடந்ததையெல்லாம் சொன்னார். மறுப்பு போட்டதைச் சொன்னார். இரண்டு விரல் இல்லாத கையைக் காட்டவில்லை, ஜெபக்கனியே பார்த்துவிட்டார். அன்று அழுதார். மறுநாள் அட்டையைக் கண்ணால் காட்டினார். ஒரு வாக்கியத்துக்குக் கால் மணி நேரம் ஆனது.

நான் சம்மதம் சொல்லத்தான் வந்துகொண்டிருந்தேன்.

தவமணி தப்பாகப் படித்ததாக நினைத்து மறுபடி கேட்டார். அதே வாக்கியம் வந்தது. பிறகு துண்டு துண்டாக மற்றதும் வந்தது. செப்டம்பரில் ஆய்வக உதவியாளர் பொன்னுராஜ், பத்தொன்பது வருடம் தினக்கூலியாகவே இருந்தவர், மண்ணியல் ஆய்வகத்தில் தூக்குப் போட்டுக்கொண்டார். கயிற்றை அறுத்து இறக்கியது ஜெபக்கனி. நிலத்தைக் கொடுத்தால் முன்னூற்றுப் பன்னிரண்டு தினக்கூலிகளையும் நிரந்தரமாக்குவதாக நன்மாறன் எழுதித் தரத் தயாராக இருந்தார். மூன்று வாரம் யோசித்து, யாரிடமும் சொல்லாமல், செவ்வாய்க்கிழமை காலை அதை வாங்கத்தான் ஜெபக்கனி நிர்வாகக் கட்டடத்துக்குப் புறப்பட்டார்.

ஏற்கெனவே கிடைத்திருந்த ஓட்டுக்காக அவரை அடித்துப் போட்டிருந்தார்கள். அது கோமதிநாயகத்துக்குத் தெரியாது. நன்மாறனுக்கும் தெரியாது; அவர் பதில் வராததை மறுப்பு என்றே எடுத்துக்கொண்டிருந்தார்.

எட்டு ஊர்க் கிணறு என்ன ஆகும், நீதானே ஜெபா சொன்னாய் என்று தவமணி கேட்டார். குரல் உயர்ந்துவிட்டது, செவிலியர் எட்டிப் பார்த்தார். ஜெபக்கனி இரண்டு சொற்றொடர்களைச் சிமிட்டினார்.

தெரியும். ஓட்டு என்னோடது.

தவமணி அட்டையைப் பைக்குள் வைத்தார். அடுத்த வாரங்களில் அதை எடுத்துப் போக மறந்தார். கேட்டவர்களிடம், ஜெபாவுக்கு இன்னும் எதுவும் புரியாத நிலைதான் என்றார்.

சிண்டிகேட்டின் அடுத்த கூட்டம் மார்ச்சில் வந்தது. எந்தக் கூட்டத்திலும் முதல் பொருள் ஒன்றேதான்: முந்தைய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்புகளை உறுதிசெய்வது. யாரும் அதைக் கவனிப்பதில்லை, அப்போதுதான் டீ வரும். ஆனால் அந்த நிமிடம்வரை செயலாளர் எழுதியது வெறும் எழுத்துதான். உறுப்பினர்கள் சரி என்றால்தான் அது நடந்ததாகிறது. எழுதியது தப்பு என்று சம்பந்தப்பட்ட உறுப்பினரே மறுத்தால், அந்தப் பொருள் அப்படியே மறுபடி மேசைக்கு வரும்.

ஜெபக்கனி சக்கர நாற்காலியில் வந்தார். வர வேண்டும் என்று அவரே மருத்துவரிடம் கண்ணால் பிடிவாதம் பிடித்ததாகச் சொன்னார்கள். சளி உறிஞ்சும் கருவிக்கு மின் இணைப்பு வேண்டியிருந்ததால், நாற்காலியைச் செயலாளர் மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். எதிர்த்தரப்பின் ஐந்து பேரும் எழுந்து கைதட்டினார்கள். கோமதிநாயகம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். டீ வந்தது.

நன்மாறன் முதல் பொருளைப் படித்தார். மறுப்பு உண்டா என்று வழக்கம்போலக் கேட்டார். திரையில் எண் ஏறத் தொடங்கியது. அவருடைய இதயம் அன்று வேகமாகத் துடித்தது.

ஐந்தாவது துடிப்பில் ஜெபக்கனியின் இடது கை நாற்காலியின் பிடியிலிருந்து எழுந்தது. நடுங்கிக்கொண்டே மடிக்கு வந்தது. அங்கே கொஞ்சம் கிடந்தது. பிறகு புடவை மடிப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு மடிப்பிலிருந்து அடுத்த மடிப்புக்கு, மேலே ஏறத் தொடங்கியது. பதினைந்தில் அது வயிற்றைத் தாண்டியிருந்தது. காறையெலும்புக்கு இன்னும் ஒரு சாண். எதிரே இருந்த ஆசிரியர் பிரதிநிதி, கை உதறுகிறதே என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லச் சொன்னார்.

ஜெபக்கனி கையைப் பார்க்கவில்லை. தவமணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முழங்கையின் கீழ் ஒரு விரலைக் கொடுத்தால் போதும், கை போய்ச் சேர்ந்துவிடும். தவமணிக்கு அது தெரிந்தது. பேனாவை வைத்தார். பக்கத்தில் சாய்ந்து, மூன்று விரல் மிச்சமிருந்த தன் வலது கையால் அந்தக் கையைப் பிடித்தார். மெதுவாகத்தான் பிடித்தார். அதைக் கீழே இறக்கி, நாற்காலியின் பிடியில் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டார்.

“பாவம், கூடப் பிறந்தவ மாதிரி பாத்துக்கிடுதாங்க” என்று யாரோ சொன்னது கேட்டது.

அடியில் அந்தக் கை திமிறியது. அவ்வளவு பலம் அதில் இருக்கும் என்று தவமணி நினைத்திருக்கவில்லை. இருபத்திரண்டு, இருபத்து மூன்று. அவர் திரையையே பார்த்துக்கொண்டு, முப்பது முடியும்வரை கையை எடுக்காமல் இருந்தார். பிறகு இடது கையால் பேனாவை எடுத்து, இந்த ஐந்து மாதத்தில் நன்றாகப் பழகியிருந்த எழுத்தில், முதல் பொருள் ஏகமனதாக உறுதிசெய்யப்பட்டது என்று எழுதினார்.